சிலிக்கான் பூசினால் மட்டும் மிலிட்டரி லாரி ஓடை தாண்டாது

பழைய ராணுவ வண்டி வைத்திருப்பவரிடம் ஊரில் எல்லோரும் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. "மிலிட்டரி வண்டிதானே, தண்ணியில அப்படியே இறக்கலாமே." டீக்கடையில் சொல்வார்கள், பெட்ரோல் பங்கில் சொல்வார்கள். எனக்கு வண்டியை விற்றவரும் அதைத்தான் சொன்னார். வாட்டர்ப்ரூஃப் வேலை செய்துகொடுத்த பட்டறைக்காரரும் அதையே சொல்லிப் பணம் வாங்கினார். இதில் எனக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபாயும் ஒரு காபி பறிப்பு சீசனும் போயின. அப்போது தமிழில் இதைப் பற்றித் தேடினால் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஜோங்கா, ஒன் டன், பழைய வில்லீஸ் என்று எது வைத்திருந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

என்னுடையது நிசான் ஒன் டன். ஜபல்பூரில் 1969இல் தொடங்கிய வெஹிகிள் ஃபேக்டரியில் ராணுவத்துக்காகச் செய்தது. ஜோங்காவும் அங்கேதான் பிறந்தது. முன்னால் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், கிட்டத்தட்ட நாலு லிட்டர் கொள்ளளவு. மைலேஜைப் பற்றி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். சேர்வராயன் மலையில் நாகலூர் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் காபியும் மிளகும் இருக்கிறது. தார் ரோட்டில் இருந்து தோட்டத்துக்குப் போகும் மண்பாதையில் ஓர் ஓடை குறுக்கே வரும். சித்திரையில் செருப்பு நனையாமல் தாண்டலாம். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் ஒரு மணி நேரம் பலமாகப் பெய்தால் தரைப்பாலத்தின் மேல் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடும். சாதாரண ஜீப்காரர்கள் வடியும்வரை காத்திருப்பார்கள். பறிப்பு நேரத்தில் அரை நாள் காத்திருந்தால் அரை நாள் கூலி வீண். அந்தக் கணக்கில்தான் வண்டியை வாங்கினேன்.

சேலத்தில் ஒரு பட்டறையில் வேலையைக் கொடுத்தேன். லாரி வேலையில் கைதேர்ந்தவர்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தண்ணீரில் இறங்கும் வண்டி என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் சிலிக்கான் அடி. முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், கியர் பாக்ஸ் மூன்றின் தலையிலும் உள்காற்று போய்வருவதற்காக இருக்கும் ப்ரீதர் மூடிகளைக் கழற்றிவிட்டு போல்ட் போட்டு இறுக்கினார்கள். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைச் சுற்றி விரல் தடிமனுக்குச் சிலிக்கான். கிளட்ச் இருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்னத் துளை இருந்தது, அதையும் அடைத்தார்கள். ஏர் கிளீனரில் இருந்து கூரை உயரத்துக்கு ஒரு குழாய். மொத்தம் 24,000 ரூபாய். பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. அடிவாரத்தில் தெரிந்தவரின் செங்கல் சூளையில் மண் எடுத்த பள்ளம் ஒன்றில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. தரை கெட்டி, ஆழம் தெரிந்த இடம். அதில் இறக்கி ஏற்றிப் பார்த்தோம், ஒரு திணறல் இல்லை. ஏரியிலோ குடிதண்ணீர் எடுக்கும் குளத்திலோ இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், வண்டியின் அடியில் இருக்கும் அத்தனை கிரீஸும் ஆயிலும் தண்ணீரில்தான் போகும்.

அந்தச் சோதனை ஏன் எதையும் காட்டவில்லை என்பது பிற்பாடுதான் புரிந்தது. வண்டி குளிர்ச்சியாக இருந்தது. பட்டறையில் இருந்து நாலு கிலோமீட்டர் சமதரையில் உருட்டி, நேராகப் பள்ளத்தில் இறக்கியிருந்தோம். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சுமையோடு ஏறிய வண்டி வேறு. ஆக்ஸிலைக் கையால் தொட முடியாது, அந்த அளவுக்கு உள்ளே ஆயில் கொதித்துப்போயிருக்கும்.

முதல் அறிகுறி தண்ணீருக்கு முன்னாலேயே வந்தது. ஏற்றத்தில் கிளட்ச் நழுவ ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. பத்தாவது வளைவுக்கு மேல் கருகிய வாடையும் சேர்ந்துகொண்டது. பட்டறைக்கு போன் போட்டால், "புது பிளேட்டுங்க, செட் ஆகணும்" என்றார்கள். கிளட்ச் பிளேட்டே மாற்றவில்லை, எந்தப் புது பிளேட் என்று எனக்குப் புரியவில்லை. ஓரம் கட்டி ஆறவிட்டு, மெதுவாக மேலே கொண்டுபோய்விட்டேன்.

அன்றைக்கு மத்தியானத்தில் இருந்தே மலையில் மழை. ஓடைக்குப் போனபோது தரைப்பாலம் கண்ணுக்குத் தெரியவில்லை, இரண்டு பக்கமும் நட்டிருந்த கல் மட்டும் தெரிந்தது. இறங்கிக் கம்பு ஊன்றி நடந்து பார்த்தேன். தொடையளவு, இழுப்பு அதிகமில்லை. முதல் கியர், லோ ரேஞ்ச் போட்டு இறக்கினேன். பாதி தூரம் நன்றாகத்தான் போனது. தண்ணீர் பம்பருக்கு மேல் வந்ததும் பானெட்டுக்குள் ஃபேன் தண்ணீரை வாரி அடிக்கிற சத்தம் கேட்டது. அடுத்த சில நொடிகளில் இன்ஜினில் ஒரு சிலிண்டர் வேலை செய்வதை நிறுத்தியது, அப்புறம் இரண்டு, மூன்று. ஒரு பெரிய குலுக்கல். நின்றுவிட்டது.

இன்ஜின் ஓடும்வரை புகை சைலன்சர் வாயில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நின்றதும் அந்தத் தள்ளல் இல்லை. பின்னால் சைலன்சர் குழாய் குளுகுளுவென்று தண்ணீர் குடிக்கிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. வண்டியில் நான் மட்டும். போனில் சிக்னல் இல்லை. இருட்டிக்கொண்டு வருகிறது, மேலே இன்னும் பெய்கிறதா என்று தெரியவில்லை. பயம் என்றால் பயம்தான், மறைக்க ஒன்றுமில்லை. தண்ணீர் ஏறினால் வண்டியை விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, ஆர்.சி. புக்கையும் பர்ஸையும் ஒரு கவரில் சுற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

சத்தம் கேட்டுத் தோட்டத்தில் இருந்து இரண்டு பையன்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் கரையில் இருந்தே, "அண்ணா, செல்ஃப் அடிங்க, பிடிச்சுக்கும்" என்றான். அடிக்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் யாரும் மறக்காதீர்கள். தண்ணீரில் நின்றுபோன இன்ஜினை மறுபடி சுற்றவே கூடாது. சிலிண்டருக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் போயிருந்தாலும் பிஸ்டன் மேலே வரும்போது அதை அமுக்க முடியாது, காற்றுதான் அமுங்கும். அமுங்காத தண்ணீரில் முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வளைந்தால் இன்ஜினையே இறக்க வேண்டியதுதான். கரைக்கு இழுத்து, ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றி, அதன் பிறகு சுற்ற வேண்டும். தண்ணீர் இருந்தால் பிளக் ஓட்டை வழியாகப் பீய்ச்சி வெளியே போய்விடும். டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயிலையும் பார்க்க வேண்டும். என் இன்ஜினில் தண்ணீர் இல்லை. பட்டறைக்காரர் போட்ட மேல் குழாய் அந்த மட்டில் காப்பாற்றியது.

டிராக்டர் வைத்து இழுக்க 3,500 ரூபாய். மறுநாள் கீழே கொண்டுவர லாரி வாடகை தனி. அதே பட்டறைக்கு மறுபடி போக மனம் வரவில்லை. ஆத்தூர் பக்கம் ராணுவத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கெஞ்சி அழைத்து வந்தேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எதையும் கழற்றுவதற்கு முன்பே, ஆக்ஸில் மேல் போட்டிருந்த அந்த போல்டை விரலால் தட்டிக் காட்டி, "மூக்கப் பொத்தி வெச்சிருக்கீங்களே தம்பி" என்றார்.

முன் ஆக்ஸிலின் அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்தோம். முதலில் அரை லிட்டருக்குச் சுத்தமான தண்ணீர் வந்தது. அதற்குப் பின்னால் கெட்டியாக, பால் கலந்த காபி நிறத்தில், கயிறு போல ஆயில் இறங்கியது. விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழப்பே இல்லை. பின் ஆக்ஸிலும் அப்படித்தான். முன் வீல் பேரிங்குகளில் அதற்குள் செந்துரு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைச் சிலிக்கானைக் கிழித்துத் திறந்தபோது உள்சுவரில் வியர்த்திருந்தது. பித்தளை முனைகளில் பச்சைப் பூஞ்சணம் மாதிரி களிம்பு. ஓடையில் இன்ஜின் நின்றது இதனால்தான். பெல் ஹவுசிங் துளையில் இருந்த அடைப்பைக் குத்தி எடுத்ததும் கரி ஆயில் ஒரு கோடாக ஒழுகிக்கொண்டே இருந்தது. கிளட்ச் நழுவியதற்கு அதுதான் காரணம்.

மூன்று கோளாறுக்கும் வேர் ஒன்றுதான், எல்லாவற்றையும் காற்றுப் புகாமல் அடைத்தது. ஆக்ஸிலை எடுத்துக்கொள்ளுங்கள். மலை ஏறி ஆக்ஸில் 80 டிகிரிக்குப் போகிறது. உள்ளே காற்று விரிகிறது. ப்ரீதர் இருந்தால் அது வழியாகப் போய்விடும். அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாகக் கசிந்து போகும். அப்புறம் வண்டி குளிர்ந்த ஓடையில் இறங்குகிறது. ஆக்ஸில் சட்டென்று 25 டிகிரிக்கு வந்தால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். அது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் ஆழத்துத் தண்ணீர் தள்ளும் தள்ளலுக்குச் சமம். வண்டி நிற்பதென்னவோ தொடையளவு தண்ணீரில்தான். ஆயில் சீலின் உதடு உள்ளே இருக்கும் ஆயிலை வெளியே விடாமல் பிடிக்கத்தான் செய்யப்பட்டது, வெளியில் இருந்து உறிஞ்சப்படும் தண்ணீரை அது தடுக்காது. ப்ரீதரை அப்படியே விட்டிருந்தாலும் தண்ணீர் போயிருக்கும், ஏனென்றால் அதுவும் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கும். செய்ய வேண்டியது, ப்ரீதர் இடத்தில் ஒரு நிப்பிள் போட்டு, குழாய் மாட்டி, அதன் வாயைப் பானெட்டுக்குள் மேலே, ஏர் கிளீனர் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுவது. இந்த விஷயத்தில் சேலம் வாசிகள் கொடுத்துவைத்தவர்கள். சங்ககிரி, நாமக்கல் லாரிகளால் ஏர் பிரேக் நைலான் குழாயும் நிப்பிளும் எந்த லாரி ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். ஆக்ஸில் மேலும் கீழும் ஆடும், அதற்குத் தகுந்த தொய்வு விட்டுக் கட்டுங்கள். சைலன்சர் பக்கம் போகவே கூடாது.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டி கடற்கரையில் இறங்கிய நேச நாட்டு வண்டிகளை அதற்கு முன் இங்கிலாந்தில் கட்டம் கட்டமாகத் தயார் செய்தார்கள். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த பசையால் மின்சாரப் பகுதிகளைப் பூசினார்கள், காற்றுக்கும் புகைக்கும் உயரமாகக் குழாய் வைத்தார்கள். ஆனால் அந்தப் பூச்சு கரை சேரும் வரைக்கும்தான். இறங்கியதும் உடனே அதைப் பிய்த்து எடுப்பதும் அதே வேலையின் ஒரு பாகம், இல்லையென்றால் வண்டி சூடேறிப் படுத்துவிடும். போருக்குப் பின் அமெரிக்கர்கள் செய்த எம்38 ஜீப்பில் 24 வோல்ட்டில் தண்ணீர் புகாத இக்னிஷன் வைத்தார்கள். மூடிய டிஸ்ட்ரிபியூட்டர்தான், ஆனால் அதற்கும் மூச்சுவிடக் குழாய் கொடுத்தார்கள். காரணம் இருக்கிறது. உள்ளே ஒவ்வொரு பொறி பறக்கும்போதும் ஓசோன் உண்டாகும். வெளியே போக வழியில்லாமல் அது ஈரத்தோடு சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும். என் டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்த பச்சைக் களிம்பு அதுதான். (பழைய வண்டியில் அந்தக் காலத்துப் பசை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் சுரண்டாதீர்கள். கல்நார் தூசி நுரையீரலுக்கு எமன்.)

என் வண்டிக்குச் செய்தது இவ்வளவுதான். புது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, புது ஹை டென்ஷன் வயர்கள். வயர் நுழையும் இடங்களிலும் மூடியின் விளிம்பிலும் மின்சாரத்துக்கான சிலிக்கான் கிரீஸை மெலிதாகத் தடவினோம். கடினமாகக் காயும் சிலிக்கான் வேறு, இந்த கிரீஸ் வேறு, கடையில் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மூச்சுக்கு ஒரு மெல்லிய குழாய். ஆழமான தண்ணீர் என்றால் மட்டும் ஒரு தடித்த ரப்பர் கையுறையை மூடியின் மேல் கவிழ்த்து, விரல் நுனிகளை வெட்டி அதன் வழியாக வயர்களை வெளியே எடுத்துக் கட்டுவது. கரை ஏறியதும் கழற்றிவிட வேண்டும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

பெல் ஹவுசிங் துளை விஷயம் எனக்கு அதிக வயிற்றெரிச்சல் கொடுத்தது. பழைய இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். அந்த ஆயில் கிளட்ச்சில் படாமல் கீழே சொட்டத்தான் அந்தத் துளை. லேண்ட் ரோவரில் இதற்கென்றே ஒரு திருகு மூடி கொடுப்பார்கள். தண்ணீரில் இறங்கும் முன் போடு, ஏறியதும் கழற்று என்று ஏற்பாடு. என் துளைக்கு ஒரு லேத்தில் கொடுத்து மரை போட்டுப் பித்தளை பிளக் செய்துகொண்டேன். மறக்காமல் இருக்க, பிளக் உள்ளே இருக்கும்போது ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுவேன்.

ஏர் கிளீனர் குழாய்க்கு ஒரு சோதனை சொல்லித்தந்தார். இன்ஜினை ஓடவிட்டு மேல் குழாயின் வாயை ரப்பர் ஷீட் வைத்து அழுத்தி மூட வேண்டும். சில நொடிகளில் இன்ஜின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கீழே ஏதோ ஒரு ஜாயின்ட்டில் காற்று இழுக்கிறது, தண்ணீரையும் அது வழியாகத்தான் இழுக்கும். என் வண்டி நிற்கவில்லை. பட்டறைக்காரர் வீட்டுக்கு மாட்டும் பி.வி.சி. எல்போவை இன்ஜின் பக்கத்தில் மாட்டியிருந்தார், அது சூட்டில் இளகி வாய் கோணியிருந்தது. அன்று ஓடையில் இன்னும் ஒரு சாண் தண்ணீர் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. இரும்புக் குழாயும் ரேடியேட்டர் ஹோஸும் போட்டு மாற்றினோம்.

ஃபேன் தண்ணீரை வாரி அடிப்பதைத் தடுக்க, இறங்கும் முன் பெல்ட்டைத் தளர்த்திவிடுவது ஒரு வழி. ஆழமான தண்ணீரில் இறக்கைகள் முன்னால் வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கவும் கூடும். பெல்ட் இல்லாவிட்டால் பல வண்டிகளில் வாட்டர் பம்பும் சுற்றாது, அதனால் தாண்டுகிற சில நிமிடத்துக்கு மட்டும்தான். மலை ஏறிச் சூடாக இருக்கும் வண்டியை முதலில் ஆறவிடுங்கள். முன்னால் கிரில்லின் மேல் ஒரு தார்பாயைக் கட்டினால் இன்னும் நல்லது. நடை வேகத்தில் நிற்காமல் போனால் முன்னால் ஒரு அலை எழும்பி, பானெட்டுக்குள் தண்ணீர் மட்டம் தாழ்ந்தே இருக்கும். நடுவில் கியர் மாற்றக் கூடாது. கிளட்ச்சை மிதித்தால் பிளேட்டுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்துவிடும். கேபின் தரையில் உள்ள டிரெயின் மூடிகளைத் திறந்தே வையுங்கள். கால் நனையும், நனையட்டும். தண்ணீர் உள்ளே வராவிட்டால் வண்டி மிதக்கப் பார்க்கும், இழுப்பு இருந்தால் டயர் பிடியை விட்டுவிடும். ஓடை செம்மண் நிறத்தில் குச்சியும் இலையுமாக வந்தால் மேலே பெய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது நான் இறங்குவதில்லை, எந்தக் கூலி வீணானாலும் சரி.

தாண்டிய பிறகு செய்கிற வேலைதான் பாதி வேலை. பிரேக் டிரம்முக்குள் தண்ணீர் இருக்கும்வரை மிதித்தால் ஒன்றும் நடக்காது. சமதரையில் லேசாக பிரேக்கை மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைத்து, பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்காட்டில் இருந்து கீழே இறங்க வேண்டும். காயாத பிரேக்கோடு கொண்டை ஊசியில் திருப்புவதை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கே எல்லா டிரெயின் பிளக்கையும் ஒரு நூல் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் கனம் அதிகம் என்பதால் அடியில் தங்கி முதலில் அதுதான் வரும். ஆயில் வெளுத்திருந்தால் மாற்றிவிடுங்கள், அடுத்த சர்வீஸ் வரை விட்டால் பேரிங் போகும். வீல் பேரிங் கிரீஸையும் சீசன் முடிந்ததும் கழுவிப் புதிதாக வைக்க வேண்டும்.

செலவுக் கணக்கு: முதல் பட்டறைக்கு 24,000, இழுவைக்கும் லாரி வாடகைக்கும் 11,500, கிளட்ச் பிளேட்டும் பிரஷர் பிளேட் வேலையும் 14,000. பேரிங், ஆயில் சீல், ஆயில் எல்லாம் சேர்த்து 31,000. சில சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டை வரை போக வேண்டியிருந்தது. வண்டி பொங்கல் வரை ஷெட்டில் கிடந்ததால் பழம் இறக்கப் பிக்கப் வாடகை வைத்ததில் இன்னொரு 18,000. சரியான முறையில் திரும்பச் செய்த வாட்டர்ப்ரூஃப் வேலைக்கான குழாய், நிப்பிள், கிளாம்ப், கிரீஸ், லேத் கூலி எல்லாம் சேர்த்து 9,000 கூட ஆகவில்லை. ஆத்தூர்க்காரர் தனக்கென்று பஸ் செலவுக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார், வற்புறுத்தி ஒரு மூட்டை காபிக்கொட்டையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் இருக்கிறது, அதன் மூடியிலும் ஒரு மூச்சுத் துளை உண்டு. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு என்பதால் அதற்கும் தனியாக ஒரு குழாய் மேலே போக வேண்டும். ஆக்ஸில் குழாயோடு அதைச் சேர்க்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், கியர் ஆயில் ஆவி போனால் ரப்பர் கப் ஊதிவிடுமாம். மூடிக்கு மரை போட லேத்தில் கொடுத்திருக்கிறேன். ஆடி முடிவதற்குள் மாட்டிவிட வேண்டும்.